அடுத்த அறையில் இருக்கும் சமயம்

1708ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்கு மூன்று சிறு தமிழ் நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொருள் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் மனப்பாடமாக ஒப்பித்த நூல்கள். டேனிஷ் அரசரின் ஆதரவில் மதப்பணிக்காக அவர் கரையிறங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மனம் திருப்ப வந்தவர், திருப்பப்பட வேண்டியவர்களிடம் இவ்வளவு செப்பமான ஒழுக்க நூல்கள் இருப்பதைக் கண்டு வியந்தார். கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத மக்களுக்கு அறம் எங்கிருந்து வந்தது?

அவர் அதோடு நிற்கவில்லை. கடவுள், மறுபிறப்பு, திருமணம், மருத்துவம் என்று கேள்விகளை எழுதித் தமிழர்களிடம் கொடுத்தார். எழுத்தில் வந்த பதில்களை அவரும் சக பாதிரியார் கிரண்ட்லரும் மொழிபெயர்த்து, தம்மை அனுப்பியவர்கள் இருந்த ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்ப, 1714 முதல் அவை அங்கே அச்சாயின. பதில் எழுதிய தமிழர்கள் வாயடைத்துப்போனவர்கள் அல்லர். உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் ஆட்களின் குடியும் நடத்தையும் ஏன் இப்படி இருக்கின்றன என்ற தொனியில் திருப்பிக் கேட்டார்கள். 1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை விரிவாக எழுதி அனுப்பியபோதுதான் சிக்கல் வந்தது. புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று ஹாலேயில் இருந்தவர்கள் அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். அந்தக் கைப்பிரதி நூலானது 1867இல், சென்னையில்.

உலகச் சமயங்களையும் சமய அறத்தையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றிய விவாதம் முழுவதும் இந்தச் சிறிய வரலாற்றில் அடங்கியிருக்கிறது. பிறர் சமயத்தைக் கேட்டு அறிய முடியுமா? அறம் சமயத்துக்கு உள்ளே இருப்பதா, வெளியே தனித்தும் நிற்குமா? கண்டறிந்ததை, ஆய்வுக்குச் சோறு போடும் நிறுவனம் வெளியிட விடுமா? முதல் கேள்வியைப் பற்றித்தான் துறை நூறாண்டுகளாக அதிகம் பேசியிருக்கிறது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

துறையின் தந்தை என்று பாடநூல்கள் சீகன்பால்குவைச் சொல்வதில்லை. மாக்ஸ் முல்லரைச் சொல்கின்றன. 1870இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் சமயத்துக்கும் ஓர் அறிவியல் வேண்டும் என்று கேட்டன. ஒரே சமயத்தை மட்டும் அறிந்தவன் எந்தச் சமயத்தையும் அறியாதவன் என்பது அவர் கட்சி. 1879இல் தொடங்கி 1910 வரை அவர் திட்டமிட்ட கிழக்கின் புனித நூல்கள் வரிசை ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்திலிருந்து 50 தொகுதிகளாக வந்தது. உபநிடதம், மனு, குர்ஆன், அவெஸ்தா, பௌத்த சமண சூத்திரங்கள், கன்பூசியம் எல்லாம் உண்டு. பைபிள் கிடையாது. அது ஒப்பிடப்பட வேண்டிய நூல் அல்ல, ஒப்பிடுவதற்கான அளவுகோல் என்பது அக்காலத்து மனநிலை.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னோர் இல்லாமையும் அதில் இருக்கிறது. ஐம்பது தொகுதிகளில் ஒரு தமிழ் நூலும் இல்லை. ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யம் இடம்பெற்றது. அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஆழ்வார்களின் பாசுரங்கள் இடம்பெறவில்லை. இத்தனைக்கும் ஜி. யு. போப் அதே ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். 1900இல் அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு அதே அச்சகத்திலிருந்து, வரிசைக்கு வெளியே, தனி நூலாக வந்தது. சமயம் என்றால் பழைய நூல், பழைய நூல் என்றால் சமஸ்கிருதம் போன்ற செம்மொழிகளில் இருப்பது என்ற கணக்கு அன்று போடப்பட்டது. ஆடிமாதக் கூழும் தர்காவின் சந்தனக்கூடும் அந்தக் கணக்கில் எப்படி வரும்? வரவில்லை.

ஐரோப்பாவில் இதற்கிடையே நாற்காலிகள் போடப்பட்டுவிட்டன. நெதர்லாந்தில் 1876இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் இறையியல் துறையிலிருந்து திருச்சபைக் கோட்பாட்டுப் பாடங்களைப் பிரித்து, சமய வரலாற்றுக்கு இடம் தந்தது. மறு ஆண்டே லெய்டனில் தீலே பேராசிரியரானார். பாரிஸில் 1886இல் சமய ஆய்வுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. மான்செஸ்டரில் 1904இல் ரிஸ் டேவிட்ஸ் ஒப்பியல் சமயப் பேராசிரியரானார். இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்தபோது பாலி கற்றவர் அவர். குருமார்களை உருவாக்கும் வேலையும் சமயங்களை ஆராயும் வேலையும் வேறுவேறு என்ற பிரிவு மெல்லத் தெளிவானது.

அறம் பற்றிய கேள்வி சூடுபிடித்தது ஆக்ஸ்ஃபோர்டிலும் இல்லை, லெய்டனிலும் இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில்.

ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே தத்துவம் கற்பித்தார். கர்மக் கொள்கையை அவர் கேலி செய்யவில்லை. ஊன்றிப் படித்துவிட்டு ஒரு வாதத்தை வைத்தார். ஒவ்வொரு வினைக்கும் அதற்குரிய பலன் வழுவாமல் வந்து சேரும் உலகம், கணக்குச் சரியாகத் தீர்க்கும் நீதிமன்றம் போன்றது. அங்கே நியாயம் உண்டு. ஆனால் ஒருவர் துன்பத்தை இன்னொருவர் ஏற்பதற்கும் மன்னிப்பதற்கும் இடம் எங்கே என்று கேட்டார். அக்காலத்து மிஷனரிகள் பலரும் இன்னும் ஒருபடி மேலே போய், உலகமே மாயை என்றால் நல்லது கெட்டது என்ற பேச்சுக்கே வேதாந்தத்தில் இடமில்லை என்றார்கள். ஹாக்கின் வகுப்பில் திருத்தணியிலிருந்து வந்த ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். 1908இல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருளே வேதாந்தத்தின் அறவியல். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு அப்போது வயது இருபது. தன் ஆசிரியரின் சமயத்தார் எழுப்பிய குற்றச்சாட்டுக்கு மாணவர் எழுதிய மறுப்பு அது. ஆசிரியர் அதை மெச்சினார். சமயங்களைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இருவரும் தத்தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் வாதத்தை மற்றவர் அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொண்டார்.

1936இல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியரானார். நாற்காலியின் முழுப் பெயர் கீழைச் சமயங்களும் அறவியலும். இந்தியச் சிந்தனை உலக வாழ்வை மறுப்பது, ஆகவே அதில் செயலூக்கமுள்ள அறம் வளராது என்று ஆல்பர்ட் ஸ்வைட்சர் எழுதியிருந்ததற்கு, 1939இல் வெளியான நூலில் ராதாகிருஷ்ணன் நீண்ட பதில் எழுதினார். சென்னையில் தொடங்கிய வழக்கின் மேல்முறையீடு அது. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஸேனர், பெரும் சமயங்களை ஒரே சுருதியில் பாடவைப்பது பேராசிரியரின் வேலை இல்லை என்று தன் தொடக்க உரையிலேயே முந்தையவரின் சமரசப் போக்கிலிருந்து விலகிக்கொண்டார். 1976இல் வந்த பிமல் கிருஷ்ண மதிலால் இரண்டு பாதையிலும் போகவில்லை. மகாபாரதத்தில் வரும் அறச்சிக்கல்களை எடுத்து, சத்தியமும் உயிர்காத்தலும் மோதும்போது என்ன செய்வது என்று இன்றைய தத்துவ வகுப்பில் வைக்கத்தக்க கேள்விகளாக ஆக்கினார். மூவரில் அந்த நாற்காலியின் பெயருக்கு மிகப் பொருத்தமாக நடந்துகொண்டவர் மதிலால்தான் என்பேன்.

இந்தியாவில் இந்தப் படிப்புக்குச் சட்டத்தில் இடமுண்டா என்ற சந்தேகம் அடிக்கடி எழுகிறது. அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் இது விவாதத்துக்கு வந்தபோது, சமய போதனை வேறு, சமயத்தை ஆராய்வதும் படிப்பதும் வேறு என்று அம்பேத்கர் விளக்கினார். இதை நம்பு என்று கோட்பாட்டை ஊட்டுவதுதான் தடுக்கப்படுகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். அமெரிக்கச் சமயக் கல்வித் துறைகள் தங்கள் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுவது 1963இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஷெம்ப் வழக்கில் சொன்ன தீர்ப்பை. பள்ளியில் பைபிள் வாசிப்பைத் தடை செய்த அதே தீர்ப்பு, சமயங்களைப் பற்றிப் படிப்பதற்குத் தடையில்லை என்றது. அம்பேத்கர் அதைச் சொல்லிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் துறைகள் பெருகின; இங்கே அது அவைக் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

முயற்சி நடக்காமல் இல்லை. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் அமர்ந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், ஏசு, முகமது, கபீர், நானக் போன்றோரின் வாழ்க்கை, இரண்டாமாண்டில் உலகச் சமய நூல்களிலிருந்து பகுதிகள், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் மையச் சிக்கல்கள் என்று ஒரு வரைபடமே போட்டுக் கொடுத்தது. 1964-66 கோத்தாரிக் குழுவும் சமயக் கல்விக்கும் சமயங்களைப் பற்றிய கல்விக்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்தியது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமயங்களைப் பற்றிப் படிப்பது 28ஆம் பிரிவுக்கு முரணில்லை என்றது. ஆக, தடை சட்டத்தில் இல்லை.

பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம்தான் முதலில் துணிந்தது. குரு கோவிந்தர் பிறந்த முந்நூறாம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, 1967இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அங்கே குரு கோவிந்த் சிங் பவனுக்கு அடிக்கல் நாட்டினார். இந்து, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், சீக்கியம் ஆகிய ஐந்துக்கும் அங்கே அமைந்த சமய ஆய்வுத் துறை இடம் கொடுத்தது. ஹார்வர்டின் உலகச் சமய ஆய்வு மையம் அதற்கு முன்மாதிரி.

சென்னைப் பல்கலைக்கழகம் போன வழி வேறு. தத்துவம், சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவவியல், நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரிலான இஸ்லாமிய ஆய்வு மையம் என்று தத்துவ, சமயச் சிந்தனைப் புலத்தின் கீழ் தனித்தனித் துறைகள். நாட்டில் வேறெங்கும் ஒரே வளாகத்தில் இத்தனை சமயத் துறைகளைக் காண்பது அரிது. பலவற்றின் பின்னால் அந்தந்தச் சமூகத்தாரின் கொடையும் ஊக்கமும் உண்டு. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மெய்கண்ட சாத்திரங்களை அவற்றின் மொழியிலேயே, உரை மரபோடு படிக்கும் ஆழம் ஐந்து சமயங்களை ஆறு மாதத்தில் சுற்றிக்காட்டும் பாடத்திட்டத்தில் கிடைக்காது. குறை வேறிடத்தில். சித்தாந்தம் படிக்கும் மாணவர் பக்கத்து அறையில் ஷரீஅத்தின் நோக்கங்கள் பற்றி என்ன விவாதம் நடக்கிறது என்று அறியாமலேயே நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறலாம். அந்த அறை மாணவருக்கும் இதே நிலைதான். விருப்பப் பாடம் என்ற ஏற்பாடு இருந்தாலும், பெரும்பாலும் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சமயத்தையே படிக்கிறார்கள்.

இலங்கையில் இது இன்னும் இறுக்கம். அங்கே பள்ளியில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே எழுதுகிறது. உயர்தரத்தில் இந்து நாகரிகம், பௌத்த நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் என்று வரிசை பிரிகிறது. நான்கு சமயத்தாரும் நெருங்கி வாழும் தீவில், மற்றவர் சமயத்தை முறையாக அறியாமலே பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்துவிடுகிறது. இதிலொரு விநோதம் உண்டு. பிரிட்டனில் சமயக் கல்வியை இறையியலிலிருந்து விடுவித்தவர் என்று கொண்டாடப்படும் நினியன் ஸ்மார்ட், இளம் படை அதிகாரியாக இலங்கைக்கு அனுப்பப்பட்டபோதுதான் பௌத்தத்தை நேரில் கண்டார். 1967இல் லங்காஸ்டரில் அவர் தொடங்கிய துறையில் பல சமயங்களும் ஒரே மேசைக்கு வந்தன. சடங்கு, புராணம், கோட்பாடு, அறம், சமூகம், அனுபவம், பிற்காலத்தில் அவர் சேர்த்த பொருள்வடிவம் என்று சமயத்தை ஏழு பரிமாணங்களில் அவர் பிரித்துக் காட்டியது உலகம் முழுதும் பாடத்திட்டங்களுக்குச் சட்டகமானது. அவரை விழிக்கவைத்த தீவின் வகுப்பறைகளுக்கு அது எட்டவில்லை.

ஒப்பிட்டுப் படிப்பது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலை வஞ்சியில் ஆண் துறவி வேடமிட்டுச் சென்று அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துப் பேரிடம் அவரவர் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு கொள்கைகளை முதலில் அவர்கள் வாயாலேயே பேசவிட்டு, பிறகு மறுக்கிறார். மறுப்பதற்காகத்தான் படித்தார்கள் என்பது உண்மை. ஆனால் எதிரியின் கட்சியை ஒழுங்காக எடுத்துரைக்காமல் மறுத்தால் சபையில் மதிப்பில்லை என்ற ஒழுக்கம் இருந்தது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஒழுக்கமே ஒரு பாடத்திட்டம் போலத் தோன்றும்.

இனி, துறைக்குள்ளிருந்தே வந்த கண்டனம். 1982இல் ஜோனதன் ஸ்மித், சமயம் என்பது ஆய்வாளர் தன் ஆய்வு வசதிக்காகக் கட்டிக்கொண்ட வகை என்று எழுதி ஒரு தலைமுறையை உலுக்கினார். தலால் அசத், உள்மன நம்பிக்கையே சமயத்தின் சாரம் என்ற எண்ணம் ஐரோப்பிய கிறிஸ்தவ வரலாற்றில் விளைந்தது, அதைக் கொண்டு இஸ்லாத்தை அளக்க முடியாது என்றார். 2005இல் தோமோகோ மசுசாவா, கிறிஸ்தவர், யூதர், முகமதியர், மற்றெல்லாப் புறச்சமயத்தார் என்ற பழைய நான்கு கூறான பிரிவு எப்படிப் பத்துப் பன்னிரண்டு உலகச் சமயங்களின் பட்டியலாக மாறியது, அந்த மாற்றத்தில் ஐரோப்பா தன் உயர்வை எப்படிப் பத்திரப்படுத்திக்கொண்டது என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். இந்தக் கண்டனங்களில் பெரும்பகுதி சரி. முல்லரின் வரிசையில் தமிழ் இல்லாமல் போனதே அதற்குச் சாட்சி. ஆனால் பட்டியல் கோணல் என்பதைச் சொல்லிச் சொல்லியே பாடவேளை முடிந்துவிடும் வகுப்புகளும் உருவாகிவிட்டன. ரமலான் நோன்பு ஏன் என்று தெரியாத மாணவருக்கு, சமயம் என்ற வகை எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று முதல் வாரத்திலேயே கற்பிப்பதால் யாருக்கு லாபம்?

பட்டியலை விட்டுவிட்டு, அறச்சிக்கல் ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்பதே என் பரிந்துரை. அதற்கான சரக்கு நம் ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது.

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்வது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதே சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்றது; அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. சமணர் தரப்பில் சொல்லப்படுவது இது. தற்கொலை ஆசையாலோ வெறுப்பாலோ விளைவது. சல்லேகனை அவை இரண்டும் அற்ற நிலையில், குருவின் அனுமதியோடு, உடலின் தேவைகளைப் படிப்படியாகக் குறைப்பது. சரி, சங்கப் பாடல்களின் வடக்கிருத்தல்? வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரன் நாணத்தால் வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன் தன் மகன்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்தான். பிசிராந்தையார் நட்புக்காக அவனருகே அமர்ந்தார். செயல் ஒன்றுதான்: உண்ணாமல் இருந்து சாவது. காரணங்கள் மானம், துயரம், நட்பு, வினை நீக்கம் என்று நான்கு திசையில் போகின்றன. ஒரு செயலுக்கு அறமதிப்பைத் தருவது அதன் விளைவா, நோக்கமா, செய்பவரின் மனநிலையா? இதற்குமேல் 2018இல் உச்ச நீதிமன்றம் குணப்படுத்த முடியாத நிலையில் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஏற்றதையும் வைத்துப் பாருங்கள். ஒரு பருவத்துக்குப் போதும்.

இன்னொன்று கண்தானம். இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம் பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பியது. அதன் பின்னால் தானம் என்ற பௌத்த அறமும், கண்ணைக் கேட்டவனுக்குப் பிடுங்கிக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதையும் நின்றன. புறநானூற்றில் சோழர்களின் முன்னோனாக வரும் சிபி புறாவைக் காக்கத் துலாக்கோலில் ஏறியவன். பெரியபுராணத்துக் கண்ணப்பரும் கண்ணைத்தான் கொடுத்தார், ஆனால் சிவனுக்கு. ஜாதகச் சிவிக்குப் பெறுபவன் யாராக இருந்தாலும் ஒன்றுதான். கொடுப்பவன் மனம் பக்குவப்படுவதே பயன். சிபிக்கு அடைக்கலம் புகுந்த உயிரைக் காப்பது அரசனின் கடமை. கண்ணப்பருக்குத் தானம் என்ற எண்ணமே இல்லை, அன்பு மட்டும். மருத்துவமனையில் உறுப்புதானப் படிவத்தில் கையெழுத்திடும் குடும்பம் இந்த மூன்றில் எதன் வாரிசு என்று யோசிக்கத் தொடங்கினால், சமய அறவியல் புத்தகத்தைவிட்டு வெளியே வந்துவிடும்.

மேனாட்டு அறவியல் அளவுகோல்களை அப்படியே பொருத்துவதிலும் அபாயம் உண்டு. 1992இல் டேமியன் கியோன், பௌத்த அறம் அரிஸ்டாட்டிலின் நற்பண்பு அறவியலுக்கு நெருக்கமானது என்று வாதிட்டார். அடுத்து வந்த சார்ல்ஸ் குட்மன் இல்லை, விளைவைக் கொண்டு அளப்பதே அதன் இயல்பு என்றார். புத்தர் எந்தப் பெட்டியில் அடங்குவார் என்று சண்டை. இஸ்லாமியச் சட்ட மரபைப் பாருங்கள்: கட்டாயக் கடமை, செய்தால் நன்மை தருவது, இரண்டும் இல்லாதது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது என்று செயல்கள் ஐந்து வகை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பர்ளு, சுன்னத்து, மக்ரூஹ், ஹராம் என்று அன்றாடம் புழங்கும் பேச்சு இது. புகைபிடிப்பது மக்ரூஹ் என்று நெடுங்காலம் சொன்ன அறிஞர்கள் பலர், அதன் கேடு மருத்துவத்தில் உறுதியானபோது ஹராம் பக்கம் நகர்ந்தார்கள். சரி, தவறு என்ற இரண்டே கட்டங்களில் அடங்காத மரபு, புதிய அறிவு வந்ததும் தன் வாயில் வழியாகவே நகர்ந்திருக்கிறது. கருக்கலைப்பு பற்றி இந்து மதம், கிறிஸ்தவம், பௌத்தம் சொல்வது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லும் தேர்வுத்தாள் இந்த நகர்வைப் பார்க்கவே விடாது. 1993இல் சிகாகோவில் ஹான்ஸ் கியூங் முன்னின்று வரைந்த உலக அற அறிக்கையும் எனக்கு ஓரளவு அப்படித்தான் படுகிறது. கொல்லாதே, பொய் பேசாதே என்ற உயரத்தில் எல்லாரும் கையெழுத்திடுவார்கள். யாரை, எப்போது, எதற்காக என்று இறங்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

யார் படிக்கலாம், யார் பேசலாம் என்ற தகராறு இதையெல்லாம் சூழ்ந்திருக்கிறது. ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றை அச்சமயத்தார் ஏற்க முடியாவிட்டால் அது செல்லாது என்பது வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் முன்வைத்த விதி. லாகூரில் கற்பித்து, பின்னர் ஹார்வர்டு மையத்துக்குத் தலைவரானவர் அவர். அழகான விதி. ஆனால் அச்சமயத்தார் என்றால் யார்? மடாதிபதியா, கோயிலுக்குள் விடப்படாதவரா? ஆய்வாளர் சமயத்தின் காவலாளி அல்லர், விமர்சகர் என்று ரஸல் மெக்கட்சன் பதிலடி கொடுத்தார். இந்தியாவில் இது நூலக அலமாரிகள் மீதே விழுந்தது. சிவாஜி பற்றிய ஓர் அமெரிக்கரின் நூலுக்கு உதவியதாகச் சொல்லி 2004 ஜனவரியில் புணே பண்டார்கர் நிறுவனம் சூறையாடப்பட்டது. 2014இல் வெண்டி டோனிகரின் இந்துக்கள் பற்றிய நூலைப் பென்குயின் இந்தியா திரும்பப் பெற்றது. டோனிகரின் வாசிப்பில் எனக்கு ஒப்பாதவை உண்டு. அவற்றை மறுக்கக் கூடுதல் ஆய்வாளர்கள் தேவை. அவர்களை உருவாக்கும் துறைகளோ இந்தியாவில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதற்கிடையே அந்த வேலையை நீதிமன்றங்கள் செய்துகொண்டிருக்கின்றன. 1954இன் சிரூர் மடம் வழக்கு முதல், ஒரு சமயத்துக்கு இன்றியமையாத வழக்கம் எது என்று நீதிபதிகளே தீர்மானிக்கிறார்கள். பரம்பரை அர்ச்சகர் உரிமையைத் தமிழ்நாடு ஒழித்ததை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் ஆகமங்களுக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருந்தது. சட்டம், மருத்துவம், சமூகப்பணி படிப்பவர்களுக்கு ஒப்பியல் சமய அறவியலில் ஒரு தாளாவது வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை. வேலைவாய்ப்பு பற்றிக் கேட்பவர்களுக்கும் நேராகச் சொல்லிவிடலாம்: நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பியல் ஆய்வு என்ற பாடம் இருக்கிறது, தேறியவருக்கு இடம் தரும் துறைகள் குறைவு. பிரிட்டனிலும் நிலைமை செழிப்பாக இல்லை. லங்காஸ்டரில் ஸ்மார்ட்டின் துறை பின்னர் அரசியல், தத்துவத்தோடு சேர்க்கப்பட்டது. இறையியலுக்கும் தத்துவத்துக்கும் பேர்போன ஹீத்ராப் கல்லூரி 2019இல் மூடப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு, பெயர்ப்பலகை இல்லாத இடங்களில்தான் உயிரோடு இருந்திருக்கிறது. நா. வானமாமலையின் ஆய்வு வட்டத்திலிருந்து பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை வரை, சுடலைமாடனும் இசக்கியும் வேளாங்கண்ணியும் நாகூரும் ஒரே ஆய்வுப் பரப்பில் வந்தார்கள். தொ. பரமசிவனின் அழகர்கோயில் ஆய்வேட்டை 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. வைணவத் தலம் ஒன்றின் மீது கள்ளர், இடையர், வலையர், பள்ளர் ஆகியோருக்கு உள்ள உரிமைகள் என்ன, யாருடைய சாமி அழகர், பதினெட்டாம்படிக் கருப்பன் ஏன் வாசலில் நிற்கிறான் என்றெல்லாம் கேட்கும் நூல். ஸ்மார்ட்டின் ஏழு பரிமாணங்களில் கோட்பாடு தவிர மற்ற எல்லாமே அதில் நிறைந்திருக்கின்றன. கோட்பாட்டுக்கு, வைணவத் துறையில் தென்கலை வடகலை விவாதம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியலாரும் அவர்களும் ஒரே கருத்தரங்கில் அமர்ந்து, சரணாகதி என்பது வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கும் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், ராமானுஜரிடமே தொடங்கலாம். குரு மறைக்கச் சொன்ன மந்திரத்தை அவர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்ன திருக்கோட்டியூர்க் கதை அந்தக் கேள்விக்காகவே சொல்லப்பட்டது போல இருக்கிறது.